மண்டபத்துச் சுவரில் ஓடிய பாலாறு

2024 மே 6, திங்கள். ஓவியத்தின் இடது பக்கம் ஒரு விரல்கடை தாழ்ந்துவிட்டது. ரசமட்டம் வைக்காமல் கண்ணளவில் மாட்டியது என் தவறு. ஆறு சிந்துகிறது.

யாழினி தன் நாட்குறிப்பில் இப்படி எழுதிய அன்று, செவிலிமேட்டில் அவள் உதவியாளராக வேலை பார்க்கும் நெடுங்கரைக் கலைக்கூடத்தின் வடக்குச் சுவரோரம் அரை வாளித் தண்ணீர் சேர்ந்திருந்தது. அது சுவருக்குள் போகும் குழாயிலிருந்து வரவில்லை, ஏசியிலிருந்தும் வரவில்லை. சுவரில் மாட்டியிருந்த பாலாற்றிலிருந்து வந்தது. எட்டடி அகலத் துணியில் எண்ணெய் வண்ணத்தால் வரைந்த ஓவியம் அது. செவிலிமேட்டுப் பாலத்துக்குக் கீழே ஆறு இரு கரையையும் முட்டிக்கொண்டு செம்மண் நிறத்தில் போகும். நடுவே ஒரு பனைமரம் வேரோடு அடித்துக்கொண்டு போகும். சென்னையில் ஒரு சேகரிப்பாளர் வீட்டில் பல வருஷம் ஒரு சொட்டும் சிந்தாமல் தொங்கிய ஓவியம், கோடைக் கண்காட்சிக்காக மாதக் கடைசி வரை இரவலாக வந்திருந்தது. பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டவள் யாழினி. வந்தபடியே திரும்பிப் போக வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஒப்பந்தத்தின் மீதிப் பக்கங்கள் அதையே வேறு வேறு சொற்களில் சொல்லின.

மறுநாள் முதல் வேலையாக ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவுக்கு வரும்வரை கயிற்றைச் சரிசெய்தாள். அதன் பிறகு தண்ணீர் இடது மூலையில் மட்டும் விழாமல், சட்டத்தின் அடிவிளிம்பு முழுக்கச் சீராக விழுந்தது. பருத்திக் கையுறை போட்ட விரலால் துணியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ந்திருந்தது. அவள் வாலாஜாபாத் பக்கத்துச் சமணக் குடும்பத்துப் பெண். இரண்டாக மடித்த வெள்ளைத் துணியில் வடிகட்டாமல் அவள் வீட்டில் யாரும் தண்ணீரைக் குடிப்பதில்லை. துணியில் தங்கும் உயிர்களை, நீர் எடுத்த இடத்திலேயே விட்டுவிடுவார்கள். பழக்கம் காரணமாக வாளித் தண்ணீரை வடிகட்டினாள். கொஞ்சம் மணலும், நூலிழை அளவுக்கு நாலைந்து கெண்டைக் குஞ்சுகளும் தங்கின. நீர் எடுத்த இடம் எது என்று கொஞ்ச நேரம் யோசித்தாள். வேறு இடம் எதுவும் தோன்றாததால், துணியை ஓவியத்தின் கீழ் ஓரத்தில் கவிழ்த்தாள். குஞ்சுகள் வண்ணத்துக்குள் போய்விட்டன. தண்ணீரைக் குடித்துப் பார்த்தாள். நன்றாக இருந்தது.

கலைக்கூடத்தின் நிர்வாகி தேவேந்திரன் விஷயத்தைக் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தண்ணி வர்றத அப்புறம் பாத்துக்கலாம்மா. ஓவியத்துக்கு ஒண்ணும் ஆவலையே?"

"துணி காஞ்சாப்பலதான் சார் இருக்குது."

"அப்ப சரி. இன்னொரு பக்கெட்டு வாங்கிக்க."

கலைக்கூடம் அதற்கு முன் கல்யாண மண்டபமாக இருந்தது. மேடை இருந்த இடத்தில் சிற்பங்கள் நின்றன. பந்தி போட்ட கூடத்தில் மரப்பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். மணமகள் அறைதான் அலுவலகம். கண்ணாடியைச் சுற்றிப் பல்புகள் எரியும் அலங்கார மேசையில் உட்கார்ந்துதான் தேவேந்திரன் கோப்புகளில் கையெழுத்துப் போடுவார். கலைக்கூடமாக மாறிச் சில வருஷங்கள் ஆகியும் தெருக்காரர்களுக்கு அது மண்டபமாகவே இருந்தது. எப்போதாவது வாசலில் நின்று, தை மாதத்தில் தேதி கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் போவார்கள். பட்டுச்சேலை வடிவங்களுக்கென்று ஒரு கண்காட்சி வைத்தபோது, சேலை எடுக்க வந்த வெளியூர்க் கூட்டம் ஒன்று வழிதவறி உள்ளே வந்து, எதிலும் விலை எழுதவில்லையே என்று கோபித்துக்கொண்டு போனது. கலைக்கூடத்தை நடத்தும் அறக்கட்டளையின் தலைமையகம் மாதாமாதம் உள்ளூர் மக்களோடு கலைக்கூடத்தின் உறவு எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதும். வளர்ந்து வருகிறது என்று தேவேந்திரன் மாதாமாதம் பதில் எழுதுவார்.

அந்தக் கோடையில் செவிலிமேட்டுத் தெருக்களுக்குத் தண்ணீர் லாரி வருவது குறைந்துபோயிருந்தது. யாழினி நிரம்பிய வாளிகளைக் கொண்டுபோய் வாசல் புங்கமரத்தடியில் கொட்டுவதை, எதிர்வாடையில் இட்லிக்கடை வைத்திருந்த மணியம்மாள் இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் ரோட்டைத் தாண்டி வந்தாள்.

"ஏம்மா, லாரி வந்து ஒரு வாரமாவுது. ஊரே நாக்கு வறண்டு கெடக்குது. நீ இன்னாடான்னா மரத்துக்கு ஊத்திக்கினு நிக்கிற. ஏது இவ்ளோ தண்ணி?"

"உள்ள ஒரு ஓவியத்துலேர்ந்து வருதுக்கா."

"எதுலேர்ந்து வந்தா எனக்கு இன்னா. உப்பா, நல்ல தண்ணியா?"

"நல்ல தண்ணிதான்க்கா."

மணியம்மாள் போய்க் குடம் எடுத்து வந்தாள். அவளைப் பார்த்து அடுத்த வீடு வந்தது. பிறகு தெரு வந்தது. ஒரு வாரத்துக்குள் வரிசை வடக்குச் சுவரில் தொடங்கி, கூடத்தைச் சுற்றிக்கொண்டு, பழைய பந்திக் கூடம் வரைக்கும் நீண்டது. ஏசி போட்ட இடத்தில் தண்ணீருக்கு நிற்பது எல்லாருக்கும் பிடித்திருந்தது. ஆளுக்கு ஓர் அடையாளம் வேண்டியிருந்ததால், எந்த ஓவியத்தடியில் குடம் இருக்கிறதோ அதுவே அவரவர் இடமானது. ஊதாச் சேலைக்காரிக்குப் பின்னால் நான் என்பாள் ஒருத்தி. குதிரையிடம் என் குடம் இருக்கிறது, கொஞ்சம் பார்த்துக்கொள் என்பாள் இன்னொருத்தி. நின்ற நேரத்தில் பார்க்கவும் தொடங்கினார்கள். தறிக்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி, ஊதாச் சேலையின் கரையில் ஓவியர் சிவப்பைக் கஞ்சத்தனமாகப் போட்டுவிட்டார் என்றாள். இன்னோர் ஓவியத்தில் இருந்த மாடு அப்படித் திரும்பி நின்றால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும் என்று சொல்லி மணியம்மாள் கூடத்தையே சிரிக்கவைத்தாள். தேவேந்திரன் அந்த வாரம் வந்தவர்களைத் தலைக்கு ஒரு பார்வையாளர் என்று எண்ணி அனுப்பினார். அவர்கள் எல்லாரும் ஓவியத்தின் முன்னால் ஒரு குடம் நிறையும் நேரம் நின்றவர்கள் என்பதால் அதில் பொய் எதுவும் இல்லை. தலைமையகம் பாராட்டி எழுதியது.

யாழினி காலையில் கதவைத் திறப்பாள், மாலையில் துணியில் தங்கிய குஞ்சுகளை ஓவியத்து ஆற்றில் விடுவாள், வீட்டு வழக்கப்படி பொழுது சாயும் முன் மணமகள் அறையில் சாப்பிட்டு முடித்துவிட்டு, ஊருக்குள் நடக்கும் அருங்காட்சியகப் பட்டய வகுப்புக்கு டவுன் பஸ் பிடிப்பாள். ஓவியக் கூடத்தில் ஈரப்பதம் அதிகமானால் என்ன செய்ய வேண்டும் என்று ஒருநாள் வகுப்பில் கேட்டாள். எவ்வளவு அதிகம் என்று ஆசிரியர் கேட்டார். கணுக்கால் வரை என்று சொல்ல வாய் வராமல் உட்கார்ந்துவிட்டாள்.

மாதம் பாதி கடந்தபோது, ஓவியத்தின் இடது கரையில் ஒரு பாறை இருந்தது. முன்பு அது இருந்ததா என்று யாழினிக்குத் தெரியவில்லை. தன் ஞாபகத்தை அவள் எப்போதும் முழுதாக நம்பியதில்லை. ஓவியம் வந்த அன்று எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பாறை இல்லை, தண்ணீர்தான் இருந்தது. அடுத்த நாள் பாறைக்கு அடியில் ஒரு பட்டை மணல் தெரிந்தது. அதற்கு அடுத்த நாள் பனைமரம் நகர்வதை நிறுத்திவிட்டு மணல் திட்டில் சாய்ந்து கிடந்தது. ஆறு வற்றிக்கொண்டிருந்தது. செவிலிமேடு அதைக் குடித்துக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெள்ளத்தை வாங்கி மணலைத் திருப்பிக் கொடுத்தால், இந்தக் கலைக்கூடத்தை நம்பி இனி யாரும் ஒரு காகிதம்கூடத் தரமாட்டார்கள். கூடத்தை இழுத்து மூடிவிட்டு மறுபடி மண்டபமாக வாடகைக்கு விடுவார்கள். தன் பெயர் எந்தக் கலைக்கூடத்திலும் எடுபடாது. அவள் இதைத் தேவேந்திரனிடம் சொன்னபோது அவர் இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"சென்னைலேர்ந்து சுகாசினி மேடம் வந்து செக் பண்ணிட்டுத்தான் பேக் பண்ணுவாங்க. இத இப்பிடியே காட்டினா நாம காலி" என்றார். "இன்னிலேர்ந்து யாருக்கும் தண்ணி கெடையாது. கேட்டைப் பூட்டு."

கேட்டைப் பூட்டினார்கள். ஆனால் ஓவியத்துக்கு அந்த உத்தரவு புரியவில்லை. தண்ணீர் அதே அளவில் விழுந்தது. யாழினி ஒரு வாளித் தண்ணீரை அப்படியே ஓவியத்துக்குள் திருப்பி ஊற்றிப் பார்த்தாள். அது வழிந்து சுவரை நனைத்தது. குஞ்சுகளைத் திரும்ப வாங்கிக்கொண்ட ஓவியம் தண்ணீரை வாங்கிக்கொள்ளவில்லை. மதியத்துக்குள் கூடம் நிறைந்து, தண்ணீர் வாசற்படி இறங்கி, கேட்டுக்கு அடியில் புகுந்து, தெருச் சாக்கடையில் கலந்தது. வெளியே குடங்களோடு நின்ற பெண்கள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு மணியம்மாள் கேட்டைப் பிடித்து உலுக்கினாள்.

"சாக்கடைக்கு விடுவீங்க, எங்க கொடத்துக்கு விடமாட்டீங்களா? இன்னா நாயம் சார் இது?"

"மணியம்மா, கொஞ்சம் புரிஞ்சுக்கோ. அது வேற ஒருத்தர் பொருளு. தீந்துக்கினே வருது."

"நீ பூட்டினா மட்டும் தீராதா? தீர்றத எங்க வயித்துல தீக்கட்டும். யாழினி, நீ சொல்லும்மா. உனக்குத் தெரியுமில்ல?"

யாழினிக்குத் தெரிந்தது. அவள் தேவேந்திரனைப் பார்க்காமல் பூட்டைத் திறந்தாள். அவள் செய்தவற்றில், சரியா தவறா என்று இரண்டு முறை யோசிக்காமல் செய்தது அது ஒன்றுதான். இரண்டு முறை யோசிக்கவில்லையே என்ற கவலை அன்று வகுப்பு முடியும்வரை இருந்தது.

அதற்குப் பிறகு வரிசையில் பேச்சு குறைந்தது. குடம் நிரம்ப நிரம்ப ஓவியத்தில் மணல் ஏறுவதை அவர்களும் பார்த்தார்கள். ஆளுக்கு ஒரு குடம் என்பதை அரைக் குடம் ஆக்கிக்கொண்டார்கள். குதிரை ஓவியத்தடியில் இரண்டு பேருக்குள் கைகலப்பாகி ஒரு பிளாஸ்டிக் குடம் உடைந்தது. யாருக்கு முதலில் மனசு கேட்கவில்லை என்று தெரியாது, ஆனால் சிலர் குடத்தை எடுக்காமல் வந்து, வற்றும் ஆற்றைப் பார்த்துவிட்டு மட்டும் போகத் தொடங்கினார்கள். தேவேந்திரன் அவர்களையும் பார்வையாளர்களாக எண்ணினார்.

சுகாசினி வர ஒரு நாள் இருக்கும்போது தண்ணீர் நின்றது. கரையிலிருந்து கரை வரை மணல் வெளுத்துக் கிடந்தது. கடைசி வாளியை வடிகட்டியபோது துணியில் குஞ்சுகள் இருந்தன. விடுவதற்கு ஆறு இல்லை. யாழினி அவற்றைச் சொம்புத் தண்ணீரில் போட்டு அலங்கார மேசையில் வைத்தாள். வீட்டிலிருந்து அம்மா ரத்னமாலா போன் பண்ணி, பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாயா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்று சொன்னாள். அது பொய். அதையும் எழுதிவைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை சேகரிப்பாளர் சார்பில் சுகாசினி வேனில் வந்து இறங்கினாள். ஓவியங்களைப் பழுதுபார்ப்பதில் பேர் பெற்றவள். கழுத்தில் பூதக்கண்ணாடி, கையில் சின்ன டார்ச். பின்னால் இரண்டு பேர் மரப்பெட்டியைத் தூக்கி வந்தார்கள். தெருப் பெண்கள் காலிக் குடங்களோடு சுவரோரம் நின்றார்கள். யாரும் அவர்களை வரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. சுகாசினி ஓவியத்தின் முன் நின்று, கையிலிருந்த பழைய படத்தைப் பார்த்தாள், ஓவியத்தைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து மூலை மூலையாகத் தேடினாள்.

"மிஸ்டர் தேவேந்திரன், இது நாங்க குடுத்த ஓவியம் இல்ல."

"அதேதான் மேடம். சட்டம் பாருங்க, பின்பக்கம் கையெழுத்து பாருங்க..."

"கையெழுத்து சரியா இருக்கு. ஆறு எங்க?"

சுவரோரத்திலிருந்து மணியம்மாள், "குடிச்சிட்டோம்மா" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. சுகாசினி போனை எடுத்தாள். யாருக்குப் பேசப்போகிறாள் என்பது எல்லாருக்கும் தெரிந்தது.

யாழினி மணமகள் அறைக்குப் போய்ச் சொம்போடு திரும்பி வந்தாள். உள்ளே குஞ்சுகள் மேல்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. இன்னும் கொஞ்ச நேரம்தான். எடுத்த இடத்தில் விட வேண்டும். எடுத்த இடம் மணலாக இருந்தது. ஆனால் இந்த மணலை அவளுக்குத் தெரியும், செவிலிமேட்டில் எல்லாருக்கும் தெரியும். சித்திரைப் பௌர்ணமிக்கு வரதராஜப் பெருமாள் படியிறங்கிப் போகும் நடவாவிக் கிணற்றுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, வறண்ட பாலாற்று மணலில் குழி தோண்டி, அடியில் கசிந்து சேரும் தண்ணீரை ஊறலாக எடுப்பார்கள். பெருமாளைக் கும்பிடாத குடும்பங்களும் வேடிக்கை பார்க்கப் போகும். பாலாறு வற்றிவிட்டது என்று அந்தப் பக்கத்தில் யாரும் சொல்வதில்லை. கீழே போய்விட்டது என்பார்கள்.

அவள் சொம்பைக் கீழே வைத்தாள். பருத்திக் கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மடித்து இடுப்பில் செருகினாள். வெறுங்கையால் ஓவியத்தைத் தொடக் கூடாது என்பதுதான் வகுப்பில் அவள் படித்த முதல் பாடம்.

"யாழினி, என்ன பண்றீங்க? ப்ளீஸ், கையை எடுங்க. தொட்டா அது உங்க பேர்லதான் கேஸ் ஆகும்."

"தெரியும் மேடம்" என்றாள் யாழினி. பனைமரம் சாய்ந்து கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் விரல்களை ஊன்றினாள். மணல் சூடாக இருந்தது. அள்ளி வெளியே போட்டாள். அது கூடத்துத் தரையில் சரசரவென்று விழுந்தது. மணிக்கட்டு வரை போனபோது சுகாசினி அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். தேவேந்திரன் சுகாசினியிடம் "வேணாம் மேடம்" என்றாரா, யாழினியிடம் "வேணாம்மா" என்றாரா என்று பிறகு யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. முழங்கை வரை போனது. மணல் இன்னும் காய்ந்தே இருந்தது. இங்கே தோண்டியது தவறோ, அந்தப் பக்கம் தோண்டியிருக்கலாமோ என்று அவளுக்குத் தோன்றியது. குழியின் ஓரம் சரிந்து, தோண்டியதில் பாதி மூடிக்கொண்டது.

"ஓரத்த அகலமா எடும்மா. நேரா எறங்காத, சரியுது பாரு." மணியம்மாள் வரிசையை விட்டு வந்து, ஓவியத்துக்குள் இரண்டு கையையும் விட்டுச் சரியும் பக்கத்தை அணைத்துப் பிடித்துக்கொண்டாள். தறிக்காரர் வீட்டுப் பெண் தரையில் குவிந்த மணலைக் காலால் ஒதுக்கினாள். யாழினி தோள் வரை உள்ளே போய், கன்னம் துணியில் பட, கண்ணை மூடிக்கொண்டு தோண்டினாள். விரல் நுனியில் குளிர்ந்தது. அடுத்த கைப்பிடி மணல் ஈரமாக வந்தது. அதற்கு அடுத்தது ஒழுகிக்கொண்டு வந்தது. கையை வெளியே எடுத்தாள். குழிக்கு அடியில் கலங்கலாக ஒரு உள்ளங்கை அளவு தண்ணீர் சேர்ந்தது, மெல்லத் தெளிந்தது, ஒரு சாண் ஏறி நின்றது. அவள் சொம்பைக் கவிழ்த்தாள். குஞ்சுகள் வட்டமாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அடியில் தங்கின.

சுகாசினி கையிலிருந்த போனில் யாரோ ஹலோ, ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் அதை அணைத்தாள். பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக் குழியின் விளிம்பை வெகுநேரம் பார்த்தாள். விரலை நனைத்து முகர்ந்தாள். வண்ணம் எங்கும் உரியவில்லை, புதிதாகப் பூசவும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பெட்டியைத் தூக்கி வந்தவர்கள், மேடம் ஏற்றலாமா என்று கேட்டார்கள்.

"ஏத்தக் கூடாது" என்றாள். "ஈரமா இருக்கிற ஓவியத்தைப் பெட்டியில வைக்கக் கூடாது, பூஞ்சை புடிச்சிரும். காயற வரைக்கும் இருக்கிற இடத்துலயேதான் இருக்கணும். அதான் விதி."

"காய எவ்ளோ நாளாவும் மேடம்?" என்று தேவேந்திரன் கேட்டார்.

சுகாசினி குழியைப் பார்த்தாள். பிறகு சுவரோரக் குடங்களைப் பார்த்தாள். "அத இவங்களத்தான் கேக்கணும்" என்றாள். காலிப் பெட்டியோடு வேன் திரும்பிப் போனது.

அதன் பிறகு ஒவ்வொரு காலாண்டிலும் சென்னையிலிருந்து, ஓவியம் காய்ந்துவிட்டதா என்று கேட்டுக் கடிதம் வரும். இன்னும் ஈரமாக இருக்கிறது என்று தேவேந்திரன் பதில் போடுவார். இரவல் அடுத்த காலாண்டுக்கு நீளும். ஒருமுறை சேகரிப்பாளரே நேரில் வந்தார். வரிசையில் நின்று ஒரு டம்ளர் குடித்தார். வீட்டில் இருந்தபோது இது ஒரு தடவைகூட இப்படிச் செய்யவில்லையே என்று கொஞ்சம் வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனார். வெள்ளம் திரும்பி வரவில்லை. குழி மூடிவிடாமல் வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துத் தோண்டுகிறார்கள். ஊறல் மெதுவாகத்தான் ஊறும். ஒரு குடம் நிறைய முன்பைவிட அதிக நேரம் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் ஊதாச் சேலைக்காரியைப் பற்றியும் குதிரையைப் பற்றியும் தெருவுக்குள் இரண்டு கட்சிகள் உண்டாகிவிட்டன. கண்காட்சிகளை மாற்றும்போது எந்த ஓவியத்தை எங்கே மாட்டுவது என்று யாழினி இப்போது அவர்களையும் கேட்டுக்கொள்கிறாள். பட்டயத்தை முடித்துவிட்டு அடுத்த படிப்பில் சேர்ந்திருக்கிறாள். அதுவும் மாலை வகுப்புதான். மண்டபத்துக்குத் தேதி கேட்டு இப்போதும் சிலர் வருகிறார்கள். இங்கே ஆறு இருக்கிறது, வேறு இடம் பாருங்கள் என்று மணியம்மாளே சொல்லி அனுப்பிவிடுகிறாள்.

இன்று பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் யாழினி எழுதியது: நாளை வியாழன். தோண்டுவது தறிக்காரர் வீட்டு முறை. கதவு திறக்கும் முன் தரையில் கிடக்கும் மணலைப் பெருக்கி ஆற்றுக்குள் போட வேண்டும்.